மாரிமுத்துவின் மூக்கு

மாரிமுத்துவுக்கு மூக்கு செத்துப்போய்விட்டது என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்தபோது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் நல்லவனாகத் தெரிந்தால் அது என் சாமர்த்தியம், நம்ப வேண்டாம்.

என் பெயர் சிவராஜ். ஓசூரில் ராஜசேகர் சார் கம்பெனியின் பின்பக்கம் நீளமாக ஒரு ஷெட் இருக்கிறது. முன்பக்கத்துக் கட்டடத்தில் டிராக்டருக்கு வேண்டிய இரும்புச் சாமான் செய்கிறார்கள். பின்பக்கத்து ஷெட்டில் சாரின் ஆசை தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பழைய கார்கள், மொத்தம் பதினொன்று. ஷெட்டுக்கு நான் பொறுப்பாளன். பேட்டரி, டயர், துடைக்கிற துணி, சாவிக்கொத்து எல்லாம் என் கையில். எஞ்சின் என்று வந்தால் மட்டும் எனக்கு அரைகுறைதான். அது மாரிமுத்துவின் ராஜ்யம்.

அவன் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். என்னைவிட ஆறு வயது இளையவன். பிழைக்க வந்து பத்தொன்பது வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. நானோ இங்கேயே பிறந்தவன். கன்னடமும் தெலுங்கும் வாயில் தானாக வரும். அவன் பேசும்போது அவனைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டுவேன், ஷெட்டே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்படிச் சிரிக்கிறவனைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

அவனுடைய பெருமை மூக்கு. வண்டியின் புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் புகையை முகத்துப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு இழுப்பு இழுப்பான். பெட்ரோல் அதிகமா, காற்று அதிகமா என்று சொல்லிவிடுவான். சொன்ன கையோடு ஸ்க்ரூவைக் கால் சுற்றோ அரைக்கால் சுற்றோ திருகுவான், எஞ்சின் சொன்ன பேச்சுக் கேட்கும். ராஜசேகர் சாருக்கு அது வித்தை. பெங்களூரிலிருந்து யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து முகரவைப்பார். மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வீடு ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார். கான்ட்ராக்ட் ஆள் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. அது ஆளுக்குக் கொடுத்த வீடு இல்லை, மூக்குக்குக் கொடுத்த வீடு என்று சாரே எல்லோர் முன்னாலும் சொல்வார். அந்த வீட்டிலிருந்துதான் அவன் மகள் கவிப்ரியா காலேஜுக்குப் பஸ் ஏறினாள். மூக்கு போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது அவன் பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தான். திரும்பி வந்தவனிடம் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஒருநாள் கேன்டீனில் பால் திரிந்துபோய் நாற்றமடித்தது. எல்லோரும் டீயைக் கீழே ஊற்றினோம். இவன் மட்டும் நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். அன்றைக்கு எனக்கு மூளையில் பொறி தட்டியது.

ஷெட்டில் சாருக்கு ரொம்பப் பிடித்த வண்டி அந்தச் சிவப்பு ஜெர்மன் வண்டிதான். எழுபத்தொன்பதாம் வருடத்துத் தயாரிப்பு, இரண்டே பேர் உட்காரலாம், எஞ்சின் பின்னால். அதில் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்ஷன். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இன்ஜெக்ஷனும் இல்லை. உள்ளே போகிற காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும், தட்டு எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பெட்ரோல் பாயும். அந்தக் கணக்கை மாற்றுவதற்கு ஒரு ஸ்க்ரூ. விரல் நுழையாத துளைக்குள் ஆழத்தில் இருக்கும். நீளமான ஆலன் கீயை விட்டுத் திருக வேண்டும். வலது பக்கம் திருகினால் பெட்ரோல் கூடும், இடது பக்கம் திருகினால் குறையும். மயிரிழை திருகினாலே எஞ்சினின் குணம் மாறிவிடும்.

ஒருநாள் அவன் சாப்பிடப் போயிருந்தபோது அந்த ஸ்க்ரூவை நான் வலது பக்கம் அரைச் சுற்றுத் திருகி வைத்தேன். அவன் வந்ததும், வண்டி ஒரு மாதிரி இருக்கிறது, பார் என்றேன். ஸ்டார்ட் செய்தான். பச்சைப் பெட்ரோல் நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாரிமுத்து புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தினான், கையால் தள்ளினான், ஒரு இழுப்பு இழுத்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, லேசா காத்து ஜாஸ்தி என்றான்.

நான் எஞ்சினை அணைத்தேன். அவனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு வருசமா ஒண்ணும் தெரியலண்ணே. பெட்ரோலும் மல்லிப்பூவும் ஒண்ணாத்தான் இருக்கு. சார்ட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டால் அதோடு முடிந்துபோகும், எனக்கு என்ன லாபம்? அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இனி முகருவது நான். அவன் வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்து பாவனை செய்வான், நான் எதிரே நிற்பேன். பெட்ரோல் அதிகமென்றால் சட்டைக் காலரைத் தொடுவேன். காற்று அதிகமென்றால் சட்டைப் பையைத் தொடுவேன். சரியாக இருந்தால் கையைக் கட்டிக்கொள்வேன். அவன் அதைப் பார்த்துத் திருகுவான். சாருக்கோ விருந்தாளிகளுக்கோ ஒரு சந்தேகமும் வரவில்லை. எல்லோரும் குந்தியிருக்கிறவனைப் பார்ப்பார்களே தவிர, துணியை வைத்துக்கொண்டு நிற்கிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டு வருடம் இப்படி ஓடியது. அந்த இரண்டு வருடமும் மாரிமுத்து என் ஆள். என் பைக்கைக் கழுவினான். என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ஞாயிற்றுக்கிழமை வந்து கழற்றி மாட்டினான். ஷெட் ரிப்போர்ட்டில் அவன் செய்த வேலைக்குக் கீழே என் பெயரை எழுதினேன், பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. மத்தியானம் அவன் டப்பாவைத் திறக்கும்போது நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். குழம்பு ஊசிப்போய்விட்டது மாரி என்பேன். அவன் ஒரு வாய் வைத்துப் பார்ப்பான். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கும். ஆனால் அவனுக்கு அவன் நாக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது, என் மூக்கின் மேல்தான் நம்பிக்கை. எழுந்துபோய்ச் சுவரோரம் கொட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவான். அவன் மனைவி இருளாயி காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்த சாப்பாடு. அதன் வாசனை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. நல்ல கைமணம் அவளுக்கு.

இந்த வருடம் மாங்காய் சீசன் முடிகிற சமயத்தில் சிவப்பு வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடும். பத்து நிமிடம் சூடானதும் கறுப்புப் புகை கக்கும், ஐடிலில் ஏறி இறங்கித் தள்ளாடும், அப்புறம் நின்றுபோகும். நான் காலரைத் தொட்டேன், அவன் பெட்ரோலைக் குறைத்தான். சூட்டில் சரியாயிற்று. மறுநாள் காலை குளிரில் இருமி இருமிக் கிளம்பவே இல்லை. சட்டைப் பையைத் தொட்டேன், கூட்டினான். குளிரில் கிளம்பியது, சூட்டில் மறுபடி புகை. ஒரு வாரம் இதே கூத்து. அந்தச் சமயத்தில்தான் சார் வந்து சொன்னார், பெங்களூர்ப் பழைய கார் சங்கத்துக்காரர்கள் முப்பது பேர் அடுத்த மாதம் முதல் ஞாயிறு வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்கு வருகிறார்கள், சிவப்பு வண்டிதான் நடுவில் நிற்க வேண்டும் என்று.

மாரிமுத்து அன்றைக்கு ஸ்க்ரூவைத் தொடவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு என்னிடம் வந்து, இது திருகித் தீருகிற வியாதி இல்லை, வேறெங்கேயோ கோளாறு, நாம் தப்பான இடத்தில் கை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றான். ஜூஜுவாடியில் லாரி டீசல் பம்ப் கடை வைத்திருக்கும் ராமப்பனிடம் போய், பெட்ரோலின் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி வந்தான். வண்டியின் குழாய்க்கு அது பொருந்தவில்லை. கம்பெனி லேத்தில் ஒரு பித்தளை நட்டைக் கடைந்து அவனே பொருத்திக்கொண்டான்.

அந்த வண்டியில் ஒரு சின்ன டப்பா உண்டு. எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போது அது பெட்ரோலைத் தாராளமாக விடும், சூடாக ஆக இறுக்கிப் பிடித்துக் குறைக்கும். டப்பாவுக்குள் கரன்டில் சூடாகும் ஒரு கம்பி இருக்கிறது, அது சூடானால்தான் பிடி இறுகும். மாரிமுத்து கேஜைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பத்து நிமிடத்தில் முள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, தொடங்கிய இடத்திலேயே நின்றது. டப்பாவுக்குப் போகிற ஒயரைப் பிடித்து இழுத்தான், உறையோடு கையில் வந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து மக்கிப்போயிருந்தது. ஒரு ஜாண் ஒயர், அவ்வளவுதான். மாற்றியதும் முள் தானாக ஏறிப்போய் நின்றது. புகை நின்றது. எஞ்சின் அப்படி ஓடி நான் கேட்டதே இல்லை.

பிறகு அவன் வண்டியை ஜூஜுவாடி ரோட்டுக்கு ஓட்டிப்போனான். அங்கே லாரிகளுக்குப் புகை சர்டிபிகேட் கொடுக்கும் வேன் ஒன்று நிற்கும். அதன் குழாயைச் சிவப்பு வண்டியின் புகைக்குழாய்க்குள் விட்டு, திரையில் வருகிற எண்ணைப் பார்த்துப் பார்த்து ஸ்க்ரூவைச் சரி செய்தான். திரும்பி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து, மகளின் நகப்பூச்சை ஒரு குச்சியில் தொட்டு ஸ்க்ரூவின் தலையில் ஒரு கோடு போட்டான். இனி யாரும் முகர வேண்டியதில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்கு இல்லாதவன், என் மூக்கும் வேண்டாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டான். மறுநாள் மத்தியானம் குழம்பு ஊசிவிட்டது என்றேன். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு என்று சாப்பிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கை கழுவப் போன நேரத்தில் ஆலன் கீயை விட்டு நகப்பூச்சு விரியும்படி ஸ்க்ரூவைத் திருகினேன். மறுநாள் பார்த்தால் அது பழைய இடத்தில் இருந்தது, மேலே புதுக் கோடு. மறுபடி திருகினேன். மறுபடி புதுக் கோடு.

மூன்றாவது தடவை அவன் என்னைத் தனியாக ஷெட்டின் கோடிக்குக் கூட்டிப்போனான்.

“திருகுறது நீங்கதான்னு தெரியும்ணே. மொத நாளே தெரியும். உங்களுக்கு மனசுல என்ன கஷ்டமோ. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் என் குடும்பத்தக் காப்பாத்துனவரு நீங்க.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாரிடம் போட்டுக் கொடுத்திருந்தால் அவனைப் பச்சைத் துரோகி என்று நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன். அவன் என்னை மன்னித்துவிட்டான். போதாததற்கு நன்றி வேறு. இனி தினமும் காலையில் இந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு ஷெட்டைத் திறக்க வேண்டும். பயமும் இருந்தது. சொல்ல மாட்டேன் என்கிறவன் என்றைக்காவது சொல்லலாமே.

அந்த ஞாயிறு வந்தது. வேப்பனப்பள்ளித் தோப்பில் பந்தல் போட்டு, மரத்துக்கு மரம் ஒரு கார் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் சிவப்பு வண்டி. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. தொப்பியும் கூலிங்கிளாஸுமாகச் சங்கத்துக்காரர்கள் நடமாடினார்கள். மாரிமுத்து துவைத்த சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு வந்திருந்தான். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது, தண்ணீர் டம்ளரை மேலே வைத்தாலும் தளும்பாது, அப்படி ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

ஒரு பெரியவர் கன்னடத்தில் கேட்டார், இதை எந்த மெஷினில் செட் செய்தீர்கள் என்று. ராஜசேகர் சார் சிரித்தார். மெஷினா, என்னிடம் ஒரு மூக்கு இருக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மாரிமுத்துவை நாலு மரம் தள்ளி முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். ஓடுகிற எஞ்சினில் அவரே ஆலன் கீயை விட்டுத் திருகினார். நான் பக்கத்தில் துணியோடு நின்றிருந்தேன், பார்த்தேன். இடது பக்கம், நல்ல அரைச் சுற்று. பெட்ரோல் குறைந்துபோய் எஞ்சின் மெலிந்து தடதடத்தது. உள்ளே டொப் டொப் என்று சின்னதாக வெடித்தது. புகை கண்ணைக் கரித்தது. எஞ்சினை அணைக்கக் கூடாது, டார்ச் கூடாது, மூக்கால் மட்டும் என்று சொல்லிவிட்டு மாரிமுத்துவைக் கூப்பிட்டார்.

மாரிமுத்து வந்து குந்தினான். கையால் புகையைத் தள்ளி ஒரு இழுப்பு இழுத்தான். அவனுக்குக் காது இருக்கிறது. அந்த டொப் டொப்பைக் கேட்டாலே காற்று அதிகமென்று அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தது, அவன் கை வலது பக்கம் திருகுகிற வாகில் கீயைப் பிடித்ததை நான் பார்த்தேன். இருந்தாலும் எப்போதும்போல நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் காலரைத் தொட்டேன்.

அவன் புருவம் சுருங்கியது. மறுபடி எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி என்னைப் பார்த்தான். இரண்டாவது தடவையும் காலரைத் தொட்டேன், அவசரமே இல்லாமல், வியர்வையைத் துடைப்பதுபோல. அவன் முகம் தெளிந்துவிட்டது. தன் காதைத் தள்ளி வைத்துவிட்டு என் கையை நம்பினான். கீயை விட்டு இடது பக்கம் இன்னும் ஒரு கால் சுற்றுத் திருகினான், உருவினான், ஆக்ஸிலேட்டரைத் தட்டினான்.

வெடி போட்டதுபோல ஒரு சத்தம். நெருப்பு எதிர்ப்பக்கமாக வந்து எஞ்சினுக்குக் காற்று போகிற பெட்டியைப் பிளந்துவிட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் பந்தல் வரைக்கும் தெறித்தன. எஞ்சின் செத்தது. பெண்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலில் கேட்ட பெரியவர், பேசாமல் ஒரு மெஷினே வாங்கியிருக்கலாம் ராஜசேகர் என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். அந்தப் பெட்டி இந்தியாவில் கிடைக்காது. ஆனால் சாரின் முகம் கறுத்தது பெட்டிக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக.

சார் கத்தவில்லை. அவர் கத்துகிற ரகம் இல்லை. மாரிமுத்துவின் தோளில் கை போட்டுப் பந்தலுக்குக் கீழே கூட்டி வந்தார். மூக்கு இருக்கிறதா இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். இருக்கு சார் என்றான் மாரிமுத்து. வேறென்ன சொல்வான்? சமையல்காரனிடம் சொல்லி இரண்டு எவர்சில்வர் டம்ளர் வரவழைத்தார். ஒன்றில் தண்ணீர். மற்றொன்றில் கேனிலிருந்து பெட்ரோல், இரண்டு விரல் உயரம். யாரோ ஒருவர் கைக்குட்டை கொடுத்தார், மாரிமுத்துவின் கண்ணைக் கட்டினார்கள். மேஜை மேல் டம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். சார் விதியைச் சொன்னார்.

“விரல் போடக் கூடாது. மோந்து பாரு, தண்ணி எதுவோ அத எடுத்துக் குடி, அவ்ளோதான். சரியாக் குடிச்சா திங்கக்கிழமை எப்பவும்போல வேலைக்கு வா. மூக்கு இல்லேன்னு ஒத்துக்கினா இப்பவே வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போ.”

அந்த வெயிலில் பெட்ரோல் எப்படி நாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேஜையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் எது பெட்ரோல் என்று தெரியும். வலது பக்கத்து டம்ளர். பரிமாறுகிற ஆட்களுக்குத் தெரியும். ஒரு சின்னப் பெண் குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்தது. தெரியாதவன் ஒருவன்தான்.

மாரிமுத்து முதல் டம்ளரை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் இழுத்தான். வைத்தான். இரண்டாவதை எடுத்தான், இழுத்தான், வைத்தான். பிறகு கட்டிய கண்ணோடு முகத்தைத் திருப்பினான். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவன் பந்தலுக்குள் வரும்போதே பார்த்து வைத்திருந்தான். சரியாக என் பக்கம் திருப்பினான். என் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும். சும்மா காத்திருந்தான். ஒரு இருமல், ஒரு செருமல், காலால் ஒரு தட்டு, எதையாவது நான் கொடுப்பேன் என்று. அவன் கை இரண்டு டம்ளருக்கும் நடுவில் நின்றது. மெதுவாக இடது பக்கம் போனது, நின்றது, காதைத் தீட்டிக்கொண்டான். பிறகு வலது பக்கம் போனது, மறுபடி நின்றது.

ஒரு செருமல் போதும். அந்தச் செருமலுக்கு எனக்கு ஒரு பைசா செலவில்லை. இடது பக்கத்தில் கை நின்றபோது லேசாகச் செருமியிருந்தால் அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, வேலையையும் வீட்டையும் காப்பாற்றிக்கொண்டு, சாயங்காலம் என்னிடம் வந்து நன்றி சொல்லியிருப்பான். அந்த நன்றியை நினைத்தேன். நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். பயத்தில் மூடிக்கொண்டேன் என்று சொல்லி உங்களை ஏமாற்றலாம். பயம் இல்லை. அவன் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

நான் சும்மா நிற்பதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்போல. இடது பக்கம் நின்றபோது செருமல் வரவில்லை, அப்படியென்றால் தண்ணீர் வலது பக்கம்தான் என்று. வலது பக்கம் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. டம்ளரைத் தூக்கினான். உதட்டுக்குப் பக்கத்தில் போனபோது முப்பது பேரில் ஒருவராவது ஐயோ என்பார்கள் என்று நினைத்தேன். ராஜசேகர் சாரின் கை மேஜையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. கடைசி நொடியில் தட்டிவிட நினைத்திருப்பார், விளையாட்டு அதுவரைக்கும்தான் என்று. மாரிமுத்து அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. சந்தேகம் இல்லாதவன் குடிப்பதுபோல ஒரே மடக்காகக் குடித்தான்.

அதற்கப்புறம் நடந்ததை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. இருமினான், இருமலில் அது நெஞ்சுக்குள் போய்விட்டது. மண்ணில் விழுந்து புரண்டான். கண்கட்டை அவிழ்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, நான்தான் அவிழ்த்தேன். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு என் மடியில் தலை வைத்துத்தான் போனான்.

பதினோரு நாள் கிடந்தான். ஒரு பக்கத்து நுரையீரல் வெந்துபோயிற்று என்றார் டாக்டர். உயிர் தப்பியது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும், இனி எஞ்சின் வேலை கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனி பார்த்துக்கொண்டது என்று சார் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னதைப் போய்க் குடிப்பானா ஒருத்தன், தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றும் சொன்னார். அவர் அதை மனப்பூர்வமாக நம்புகிறார் என்றுதான் நினைக்கிறேன். யாரும் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் சாட்சி யார்? என்னைத்தான் கேட்டிருப்பார்கள்.

நேற்று சார் என்னைக் கூப்பிட்டு மூக்கண்டப்பள்ளிக்குப் போய் வீட்டுச் சாவியை வாங்கி வரச் சொன்னார். போனேன். வாசலில் குட்டி யானை வண்டி நின்றது, கட்டிலும் பீரோவும் ஏற்றியாகிவிட்டது. சாத்தூருக்கே போகிறார்களாம். கவிப்ரியா புத்தக மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். காலேஜ் என்னவாகும் என்று நான் கேட்கவில்லை. இருளாயி காலி வீட்டைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தாள். அடுத்து வருகிறவன் யாரோ, அவனுக்காக.

மாரிமுத்து வேப்ப மரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினான். குரல் உடைந்துபோயிருந்தது, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

“அன்னைக்கு… உங்களுக்குச் சளி… பிடிச்சிருந்துச்சாண்ணே?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. காலர் ஏன் தப்பாகப் போனது, பந்தலில் ஏன் ஒரு செருமலும் வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி பதினோரு நாளும் யோசித்திருக்கிறான். யோசித்து எனக்காக ஒரு காரணத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறான். நம்பித்தான் கேட்டானா, இல்லை எனக்குப் பிச்சை போட்டானா, தெரியவில்லை. கண்ணைப் பார்த்தேன், அதிலும் தெரியவில்லை.

ஆமாம், மூக்கு அடைத்திருந்தது என்றேன்.

அவன் முகம் லேசானது. வீட்டுக்குள் பார்த்து, “நாந்தான் சொன்னேம்ல… அண்ணனுக்குச் சளின்னு” என்றான்.

இருளாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சாவியை என் காலடியில் ஈரத் தரையில் வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.